பத்தின் இடத்தில் x

சரியான விடையைக் கண்டதும் எனக்கு ஏன் முதலில் சந்தேகம் வருகிறது? மகிழ்ச்சி வர வேண்டிய இடம் அது. இருபத்திரண்டு வருடங்களாகக் கணிதம் படிப்பிக்கும் ஒருத்தி, தன் மாணவி சரியாக எழுதியதைக் கண்டால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ, இவள் யாரைப் பார்த்து எழுதினாள் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. ஏன் என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. இருப்பதுபோல் எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். எதையும் உடனே நம்பாத அந்தப் பழக்கத்தை நீ என்னிடமிருந்துதான் எடுத்தாய்.

நீ வன்னிக்குப் போய் இன்றைக்குப் பதினொரு நாள். ஆசிரியனாக முதல் நியமனம், முதல் பாடசாலை. ஒரு தாய் செய்கிற எதையும் நான் அன்றைக்குச் செய்யவில்லை. புட்டு அவித்துக் கட்டித் தரவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் வரவில்லை. நீ போவதற்கு முதல் நாள் பின்னேரம் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன், நீ பதில் சொல்லாமல் எழும்பிப் போனாய், விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நீ அனுப்புகிற செய்தியெல்லாம் அப்பாவின் போனுக்கே வருகிறது. தண்ணீர் உவர், சாப்பாடு பரவாயில்லை, பத்தாம் தரத்தில் பதினேழு பிள்ளைகள். அப்பா சத்தமாக வாசிப்பார். நான் கேட்காததுபோல் இருந்து கேட்பேன். இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் குற்றம் சுமத்தியது நாலு பேருக்கு முன்னால். அது பிழை என்பதையும் நாலு பேர் வாசிக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றி டிலானி என்று எழுதுகிறேன். உனக்கு ஆள் தெரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிலானி கொழும்புத்துறைப் பிள்ளை, தகப்பன் கடற்றொழில். பதினோராம் தரத்தில் என்னிடம் படிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் அவளுக்கு மேலே ஒரு படியும் இல்லை. வாயால் கேட்டால் பெருக்கல் வாய்பாடு முழுவதும் சரியாகச் சொல்வாள். பதினைந்து தரம் பதினாறு என்று கேட்டாலும் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து சொல்லிவிடுவாள். எழுதச் சொன்னால்தான் வினை. ஆயிரத்து ஐந்து என்றால் முதலில் ஆயிரத்தை முழுதாக எழுதி, அதற்குப் பின்னால் ஐந்தை எழுதுவாள். பூச்சியம் எந்த இடத்தைக் காக்கிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. இப்படி இடப்பெறுமானமே தெரியாமல் பதினோராம் தரம்வரை வந்துவிட்ட எட்டுப் பேரைச் சேர்த்து, சனிக்கிழமைகளில் அவர்களுடைய சனசமூக நிலையத்தில் வகுப்பு வைக்கிறேன். கம்பிகளில் மணி கோத்த எண்சட்டத்தை மேசையில் வைத்து, ஒன்று, பத்து, நூறு என்று ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லித் தருகிறேன். அதில் அவர்களுக்கு வெட்கம். எனக்கும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை.

தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளை வீட்டில்தான் தயாரித்தேன். பிரிண்டர் தாளை இழுத்துக்கொண்டு நின்றபோது நீதான் அதைத் திறந்து சரிப்படுத்தினாய்; நூற்றுப் பத்துப் பிரதிகளையும் அச்சடித்து, ஸ்ரேப்ளர் அடித்து, உறையில் போட்டு ஒட்டித் தந்தாய். மறு கிழமை எனக்கு டெங்கு. இரண்டு சனிக்கிழமைகள் எனக்குப் பதிலாக நீ போனாய். முதல் சனிக்கிழமை திரும்பி வந்து என் கட்டிலடியில் நின்று, “அம்மா, இண்டைக்கு அவையளுக்கு ஒரு விளையாட்டுக் காட்டினனான்” என்று தொடங்கினாய். நான் கண்ணைத் திறக்காமலே, “பாடத்திட்டத்திலை இல்லாததுகளைச் சொல்லிக் குடுத்து அதுகளைக் குழப்பாதை” என்றேன். நீ பேச்சை நிறுத்திவிட்டுத் தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டுப் போனாய். அந்த ஒரு நிமிடம் நான் காது கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

பிறகு விடைத்தாள் திருத்தினேன். ஐந்தாம் வினா இருபடிச் சார்பு பற்றியது. வரைபு கிடை அச்சை எந்த இரண்டு இடங்களில் வெட்டுகிறது என்று தந்திருந்தேன். x²இன் குணகம் ஒன்று என்றும் தந்திருந்தேன். அதைக் கொண்டு சமன்பாட்டை விரித்து எழுத வேண்டும். மூன்று பகுதிகள், பகுதிக்கு இரண்டாக மொத்தம் ஆறு புள்ளி. வெட்டும் இடங்கள், முதலாவதில் −2, −3. இரண்டாவது −1, −4. மூன்றாவது −5, −6. வகுப்பில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. டிலானி தொட்டிருந்தாள். முதலாவதற்கு x² + 5x + 6 என்று எழுதியிருந்தாள். சரி. இரண்டாவதற்கு x² + 5x + 4. அதுவும் சரி. ஒன்றுக்கும் படிமுறை இல்லை; அடைப்புக்குறி இல்லை, வெட்டு இல்லை, அழிப்பு இல்லை, வெறும் விடை. மூன்றாவதற்கு 2x² + 4x என்று எழுதியிருந்தாள். அது என் அனுபவத்தில் யாரும் விடாத பிழை. குறியை மாற்றுவார்கள், கூட்ட வேண்டியதைப் பெருக்குவார்கள், அதெல்லாம் எனக்குத் தெரியும். இது எந்த வழியிலும் வராத விடை. x²இன் குணகம் ஒன்று என்று கேள்வியிலேயே இருக்க, இரண்டு என்று எழுதியிருக்கிறாள். கேள்வியை வாசிக்காமலே எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். யாரோ சொல்லிக் கொடுத்த மூன்று விடைகளை மனப்பாடம் செய்து வந்து, மூன்றாவதை மறந்து உளறியிருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். எனக்கு அதில் நிச்சயமே இருந்தது.

திங்கட்கிழமை அவளைப் பகுதித் தலைவரின் அறைக்குக் கூப்பிட்டேன். அவரும் இன்னொரு ஆசிரியரும் அங்கே இருந்தார்கள். நான் விடைத்தாளை அவள் முன்னால் போட்டேன்.

“இதை எப்பிடிச் செய்தனி?”

“மனசுக்குள்ளை, ரீச்சர்.”

“ஆயிரத்து அஞ்சை எழுதத் தெரியாத நீ இருபடிச் சமன்பாட்டை மனசுக்குள்ளை செய்யிற அளவுக்கு எப்ப வந்தனி?”

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் நான் அப்படிக் கேட்டேன். அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்று, “நான் ஆரையும் பாத்து எழுதேல்லை” என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லவில்லை. உண்மையென்றால் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பாளே என்று நான் அதையும் குற்றக் கணக்கில் சேர்த்தேன். ஐந்தாம் வினாவுக்குப் பூச்சியம் போட்டேன். செவ்வாய்க்கிழமை தகப்பனை வரச் சொல்லிப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினோம். கடலால் வந்த கையோடு வந்திருந்தார், கதிரையில் இருக்கவில்லை. “அவள் மொக்குத்தான் ரீச்சர். ஆனா களவெடுக்க மாட்டாள்” என்றார். பெற்றவர் எல்லாரும் சொல்கிறதுதானே என்று நினைத்துக்கொண்டு, கையெழுத்து வைக்கிற இடத்தைக் காட்டினேன். புதன்கிழமையிலிருந்து டிலானி பாடசாலைக்கு வரவில்லை.

வினாத்தாள் எப்படி வெளியே போனது என்பதுதான் பிறகு எனக்கிருந்த கேள்வி. உறை ஒட்டியபடியே இருந்தது. அச்சடித்தவன் நீ. அவளுக்கு இரண்டு சனிக்கிழமைகள் படிப்பித்தவனும் நீ. கூட்டிப் பார்த்தால் வேறு விடை வரவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்த அறைக்கு வந்தேன்.

“அந்த வினாத்தாளை நீ டிலானிக்குக் காட்டினனியோ?”

நீ மடித்துக்கொண்டிருந்த சேர்ட்டைக் கீழே வைத்தாய். “அம்மா, நீங்கள் கேக்கிறியளோ, சொல்லுறியளோ?”

“கேக்கிறன்.”

“கேக்கேல்லை. நீங்கள் விடையை எழுதிப்போட்டுக் கேள்வியைப் போடுறியள்.”

அப்பா கதவடியில் நின்று எங்கள் இருவரையும் சிரிக்கவைக்கப் பார்த்தார். “உங்கடை அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போட்டதுக்கே படிமுறை கேக்கிற ஆள். கல்யாணம் கட்டின நாளிலையிருந்து நான் காட்டிக்கொண்டிருக்கிறன்” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நீ பதில் சொல்லாததை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். இரக்கத்தில் செய்துவிட்டான், செய்ததைச் சொல்லத் தைரியமில்லை என்று எனக்குள் ஒரு கதையை எழுதி முடித்தேன். அதில் உனக்கு ஒரு நல்ல குணத்தைக்கூடக் கொடுத்தேன். சந்தேகப்படுகிறவர்கள் அப்படித்தான், தீர்ப்பை எழுதிவிட்டுத் தண்டனையைக் குறைப்பார்கள்.

இது உனக்கு முதல் தரம் அல்ல. நீ ஏழாம் தரத்தில் கணிதத்துக்கு நூறு எடுத்தாய். நான் அதே பாடசாலையில் படிப்பித்த காலம். பக்கத்து மேசை ஆசிரியர், “பின்னை என்ன, ரீச்சரின்ரை மகன்தானே” என்று சொன்னார். அவர் சொன்னது பாராட்டோ குத்தலோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து, நீ கை கால் கழுவ முன்னமே உன்னை மேசையில் இருத்தி, நானே புதிதாக ஒரு வினாத்தாள் எழுதித் தந்தேன். ஒரு மணித்தியாலம் முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றாறு எடுத்தாய். எனக்கு நெஞ்சு ஆறியது. ஆறியதை உன்னிடம் சொல்லவில்லை. போன நாலு புள்ளியைப் பற்றித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நீ கணிதக் கொப்பியை என்னிடம் காட்டியதே இல்லை. பல்கலைக்கழகத்தில் கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்ததையே அப்பா சொல்லித்தான் அறிந்தேன். இத்தனை வருடமாக அதை நீ வளர்ந்துவிட்டாய் என்று விளங்கிக்கொண்டிருந்தேன். கொப்பியை மறைத்தாய் என்ற எண்ணம் இந்தக் கிழமைதான் வந்தது.

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சந்தேகம் பழக்கத்தால் வந்தது என்று சொல்வார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். வளாகத்தில் படித்த காலத்தில் போகும்போதும் வரும்போதும் இராணுவச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டியிருக்கிறேன்; அளவைப் பெட்டிக்குள்ளிருந்த கவராயத்தைக்கூட எடுத்து, இது வட்டம் கீறுகிறது என்று விளங்கப்படுத்தியிருக்கிறேன். எதற்கும் அத்தாட்சி கேட்கிற உலகத்தில் வளர்ந்தவள் மற்றவர்களிடமும் அத்தாட்சி கேட்பாள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் என்னோடு பை திறந்து காட்டியவர்களில் எத்தனையோ பேர் பிள்ளைகளை நம்புகிற ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஆகவே அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. நீயும் ஏற்க வேண்டாம்.

போன சனிக்கிழமை வகுப்பு வைக்கவில்லை. நேற்று வைத்தேன். ஏழு பேர் வந்தார்கள். எண்சட்டத்தை எடுத்து வைத்து, பன்னிரண்டைப் பதின்மூன்றால் பெருக்கி, வந்ததை நூறு, பத்து, ஒன்று என்று பிரித்து எழுதச் சொன்னேன். எழுதுகிறார்களா, பக்கத்தில் பார்க்கிறார்களா என்று மேசை மேசையாக நடந்தேன். டிலானியின் கூட்டாளி தர்சிகாவின் கொப்பியில் 156 இருந்தது. அதற்கு நேரே x² + 5x + 6 என்றும் இருந்தது.

“இதென்ன?”

“உங்கடை மகன் சேர் காட்டினவர், ரீச்சர்.”

“என்னத்தைக் காட்டினவர்?”

“பத்து இருக்கிற இடத்திலை x எண்டு வைக்கட்டாம். ஒரு நூறு எண்டா x வர்க்கம், அஞ்சு பத்து எண்டா அஞ்சு x, ஆறு ஒண்டு எண்டா ஆறு. உது தெரிஞ்சா எண்சட்டம் தேவையில்லையாம்.” சொல்லிவிட்டு, எண்சட்டத்தைப் பார்த்துவிட்டு, “சேர் பகிடிக்குத்தான் சொன்னவர் ரீச்சர்” என்று அவசரமாகச் சேர்த்தாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “டிலானிதான் ரீச்சர் கெட்டிக்காரி. நாங்கள் எழுத முதலே அவள் வாயாலை சொல்லிப்போடுவாள்” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். விடைத்தாளை எடுத்தேன். வரைபு −2இலும் −3இலும் வெட்டினால் அடைப்புக்குறிகள் x + 2, x + 3. xஐப் பத்து என்று நினைத்தால் பன்னிரண்டும் பதின்மூன்றும். பெருக்கினால் 156. பத்தை எடுத்துவிட்டு xஐ வைத்தால் x² + 5x + 6. இரண்டாவதற்குப் பதினொன்றும் பதினாலும். 154. x² + 5x + 4. மூன்றாவதற்கு வந்தேன். பதினைந்தும் பதினாறும். 240. இரண்டு நூறு, நாலு பத்து, ஒன்றுகள் இல்லை. 2x² + 4x. எந்த வழியிலும் வராத விடை என்று நான் சொன்ன விடை ஒரு வழியில் வந்திருக்கிறது. அந்த வழியில் போகிறவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. வினாத்தாளை முன்கூட்டிப் பார்த்தவள் மூன்றையும் சரியாக எழுதியிருப்பாள். அந்தப் பிழைதான் அவள் களவெடுக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. அதற்குக் கீழேதான் நான் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தேன். இன்னொன்றும் கண்டேன். 240 என்பதைப் பிரித்து, ஒன்றுகளின் இடத்தில் இருக்கும் பூச்சியத்தை அவள் சரியாகப் புரிந்திருக்கிறாள். இத்தனை சனிக்கிழமைகள் நான் எண்சட்டத்தோடு மல்லுக்கட்டி ஏற்ற முடியாததை, நீ இரண்டு சனிக்கிழமைகளில் ஏற்றிவிட்டாய்.

உன் முறையையும் நான் முழுதாக நம்பவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சின்ன எண்களுக்கு அது ஓடும். இலக்கம் பத்தைத் தாண்டுகிற இடத்தில் முறியும். ஐந்தையும் ஆறையும் பெருக்கி வருகிற முப்பது ஒன்றுகளை மூன்று பத்தாக்கி அடுத்த இடத்துக்குக் கொண்டு போகலாம்; முப்பதை மூன்று x ஆக்க முடியாது. அந்த இடத்தை நீ அவர்களுக்குக் காட்டினாயா? காட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை விட்ட பிழையில் உனக்கும் பங்கு உண்டு. காட்டியும் அவள் மறந்திருக்கலாம். இதை நான் உண்மையாகவே கேட்கிறேன். விடையை எழுதிவிட்டுக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு குறுக்கு வழியைக் காட்டினால், அது எங்கே முடிகிறது என்பதையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. நீ காட்டாமல் விட்டால், என்னைப்போல ஒருத்தி அவர்களை அங்கே வைத்துப் பிடிப்பாள்.

நீயும் இனி விடைத்தாள் திருத்தப் போகிறாய். சரியான விடையை வேகமாகப் பார்த்துவிட்டுப் போ, அதில் பிள்ளையைக் காண முடியாது. பிழையான விடையில் நின்று பார். எந்தப் பிள்ளையும் சும்மா பிழை விடுவதில்லை, ஏதோ ஒரு வழியால் வந்துதான் விடுகிறது. அந்த வழி தெரியும்வரை சிவப்புப் பேனையைத் திறக்காதே. பார்த்து எழுதுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். உன் வகுப்பிலும் இருப்பார்கள். எல்லாரையும் நம்பு என்று உனக்குச் சொல்ல நான் தயாரில்லை, சொன்னால் அது என் வாயில் பொய்யாக இருக்கும். கேட்கத்தான் வேண்டும். ஆனால் தனியாகக் கேள். எப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடியும்வரை வாயை மூடிக்கொண்டிரு. தகப்பனைக் கூப்பிட முதல் கடதாசியையும் பேனையையும் கொடுத்து இன்னொரு தரம் செய்யச் சொல். எனக்கு அதற்கு ஐந்து நிமிடம் போயிருக்கும். இரண்டு பேரைச் சிரிக்கவைப்பது எனக்கு அன்று அதைவிடப் பெரிதாக இருந்தது.

தர்சிகா இன்னொன்றும் சொன்னாள். டிலானியை ஒன்றாம் திகதியிலிருந்து பட்டினத்தில் ஒரு புடவைக் கடையில் சேர்க்கிறார்களாம். தகப்பன் கதைத்து முடித்துவிட்டாராம். ஒன்றாம் திகதிக்கு இன்னும் ஐந்து நாள். கடைக்குப் போனவள் பரீட்சைக்குத் திரும்பி வருவாள் என்று நான் நம்பவில்லை. நான் கண்ட அளவில் ஒருத்தியும் வந்ததில்லை. நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகப் போகிறேன். போவது அவளுக்காகவா, உனக்கு இந்தக் கடிதத்தில் எழுதுவதற்காகவா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடைத்தாளை எடுத்து ஐந்தாம் வினாவின் பூச்சியத்தை வெட்டிவிட்டு, மூன்று பகுதிக்கும் முழுப் புள்ளி, ஆறு, என்று போட்டு வைத்திருக்கிறேன். யோசித்த விதத்துக்காக மூன்றாவதற்கும் போட்டேன். குற்ற உணர்வுக்காகவும்தான்.

இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதியது. திங்கட்கிழமை நடந்ததைக் கீழே சேர்க்கிறேன்.

காலையில் பகுதித் தலைவரிடம் போய்ச் சொன்னேன். “இப்ப இதை ஏன் ரீச்சர் கிண்டிறியள்? ஆறு புள்ளிதானே, போட்டுவிடுங்கோ” என்றார். பதிவுப் புத்தகத்தைத் தரச் சொல்லி, டிலானி பார்த்து எழுதவில்லை, சந்தேகித்தது என் தவறு என்று எழுதி, அன்றைக்குச் சிரித்த இருவரையும் கையெழுத்து வைக்கச் செய்தேன். மற்ற ஆசிரியர் பேனையைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினார். பாடசாலை விட்டதும் கொழும்புத்துறைக்குப் போனேன். தகப்பன் முற்றத்தில் இருந்து வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

“என்ன ரீச்சர், இன்னும் கையெழுத்து வைக்கக் கிடக்கோ?”

“இல்லை. நான் பிழை விட்டிட்டன். அவள் பாத்து எழுதேல்லை. அதைச் சொல்ல வந்தனான்.”

“அண்டைக்கு ரெண்டு சேர்மாருக்கு முன்னாலை சொன்னனீங்கள். இண்டைக்கு வந்து வலைக்குச் சொல்லிறியள்.”

“அவையளுக்கும் சொல்லிப்போட்டன். புத்தகத்திலையும் எழுதியாச்சு. அவையளும் கையெழுத்து வைச்சிருக்கினம். பாருங்கோ.” அந்தப் பக்கத்தின் போட்டோப் பிரதியைக் கொடுத்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு தரம் வாசித்தார். முதல் தரம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார். இரண்டாம் தரம் அதற்குள் வேறேதும் இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பிறகு உள்ளே திரும்பி, “பிள்ளை, ரீச்சர் வந்திருக்கிறா” என்றார்.

டிலானி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுற்றிவளைக்காமல், காரணம் எதுவும் சேர்க்காமல் சொன்னேன். அவள் தலையாட்டக்கூட இல்லை.

“பதினைஞ்சையும் பதினாறையும் பெருக்கினா இருநூற்றி நாப்பதுதானே, ரீச்சர்?”

“ஓம்.”

“அப்ப அது ஏன் பிழைச்சது?”

இத்தனை நாளும் வீட்டில் இருந்து இதைத்தான் யோசித்திருக்கிறாள். நான் சொன்னேன்: “பத்தெண்டா, பத்து ஒண்டு சேர்ந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். அதாலை முப்பது ஒண்டை மூண்டு பத்தாக் கட்டலாம். x எண்டா எத்தினை ஒண்டு எண்டு ஆருக்கும் தெரியாது. தெரியாததைக் கட்டேலாது.”

“சேர் பத்தெண்டுதானே சொன்னவர்?”

“நினைச்சுக்கொள்ளச் சொன்னவர்.”

அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்ப முப்பதை முப்பதாவே விடவேணும். பதினொண்டையும் கொண்டு போகக் கூடாது.” பிறகு, “x வர்க்கம், பதினொரு x, முப்பது” என்றாள்.

“ஓம். சரி.”

விடைத்தாளைக் கொடுத்தேன். வாங்கி ஐந்தாம் வினாவைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“மூண்டாவதுக்கும் போட்டிருக்கிறியள்.”

“நீ யோசிச்ச விதத்துக்கு.”

“அது பிழைதானே ரீச்சர். பிழைக்குப் புள்ளி வேண்டாம். பிறகு அதுக்கும் என்னைக் கூப்பிட்டுக் கேப்பியள்.”

தகப்பன் வலையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்து, மூன்றாவதற்குப் போட்டிருந்த இரண்டை வெட்டி, ஆறை நாலாக்கி, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தையும் வைத்தேன். அவள் அதை வாங்கித் திரும்பவும் கூட்டிப் பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கடைக்காரரிட்டை ஒண்டாந் திகதி எண்டு சொல்லிப்போட்டன்” என்று தகப்பன் ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்.

“சோதினை முடியட்டும் எண்டு சொல்லுங்கோ அப்பா” என்றாள்.

அவர் வலையின் அடுத்த மடிப்பை இழுத்து வைத்துப் பாசியை எடுக்கத் தொடங்கினார். நான் ஸ்கூட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, “நாளைக்கு வாறியோ?” என்று கேட்டேன்.

“யூனிபோம் தோய்க்கேல்லை ரீச்சர். புதன்கிழமை வாறன்.”